ஞாயிறு கறிச்சாறு, திங்கள் கொள்ளுச்சாறு

ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிய பிறகும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வளர்கிற பையன் இருக்கிறான், வயதான மாமனாரும் அத்தையும் இருக்கிறார்கள். ஆனால் முன்பு கிலோ வாங்கின இடத்தில் இப்போது அரைக்கிலோதான். வீட்டுக்காரர் தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறார். காய் வரத்து நன்றாக இருக்கும் மாதங்களில் கையில் காசு புரளும். வரத்து குறைந்தால் மளிகைக் கடையில் கணக்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில், அரைக்கிலோ கறி ஐந்து பேருக்கு இரண்டு நாள் வயிறாரக் காணும்படி எப்படிச் சமைக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் ஒன்றுதான். கறி மீந்த பிறகு அதை என்ன செய்வது என்று யோசித்தால் வழி அதிகம் கிடைக்காது. மறுநாளுக்கு வேண்டியதை முதல் நாளே, மசாலா சேரும் முன்பே, தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். மிளகாய், மல்லி, தேங்காய் எல்லாம் ஊறிப்போன குழம்புக்கறி மறுநாளும் அதே குழம்புதான். இன்னும் காரமாக, இன்னும் கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்த கறி அப்படி இல்லை. கொள்ளோடு சேரும், மொச்சையோடு சேரும், கீரையோடு சேரும், சாமைச் சோற்றிலும் சேரும். அத்தை இதை ஒரே வரியில் சொல்வார்: "நாளைக்கு வேணும்னா இன்னிக்கே எடுத்து வெச்சிரு பாப்பா, ராத்திரி சட்டியத் தடவாத."

கறிக்கடையிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. தனிச்சதை கேட்பதில்லை. நெஞ்செலும்பு, கழுத்து, கொஞ்சம் கால் எலும்பு, மீதி சதை என்று கலந்து வெட்டச் சொல்வேன். சதையை மட்டும் வாங்கினால் பார்க்க நிறைய இருக்கும், ஆனால் சாற்றில் சத்தும் ருசியும் இறங்காது. எலும்பையும் ஜவ்வையும் நிதானமாக வேகவிட்டால் அதிலிருக்கும் பசைச்சத்து கரைந்து தண்ணீருக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீர் ஆறினால் லேசாக உறைந்து நிற்கும். அரைக்கிலோ கறி இரண்டு நாளுக்கு வருவது இந்தத் தண்ணீரால்தான். துண்டுகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தால் ஐந்து பேருக்கு ஒருவேளைக்கே பற்றாது.

கறியைக் கழுவி, மஞ்சள்தூள், உப்பு, தட்டின இஞ்சி பூண்டு, நாலைந்து சின்ன வெங்காயம் சேர்த்து, வழக்கமாக ஊற்றுவதைவிட இரண்டு டம்ளர் தண்ணீர் அதிகம் ஊற்றிக் குக்கரில் வைப்பேன். இளங்கிடாவாக இருந்தால் நாலு விசில், கொஞ்சம் முற்றலாக இருந்தால் ஆறு விசில். ஆவி அடங்கித் திறந்ததும் கறியில் ஐந்தில் இரண்டு பங்கை, எலும்பு அதிகமில்லாத துண்டுகளாகப் பார்த்து, கரண்டியால் எடுத்து அகலமான எவர்சில்வர் போசியில் போடுவேன். கூடவே வெந்த தண்ணீரில் இரண்டு டம்ளர். இது திங்கட்கிழமைக்கு. குக்கரில் மிஞ்சியதற்கு வறுத்து அரைத்த மசாலாவும் தக்காளியும் சேர்த்துக் கொதிக்க விட்டால் அன்றைய கறிச்சாறு ஆகிவிடும். எலும்பெல்லாம் இதில் இருப்பதால் துண்டு குறைந்தது யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் எலும்பு உறிஞ்சுவதிலேயே திருப்தியாகிவிடுவார்கள்.

கறிச்சாற்றுக்கு எங்கள் பக்கம் களிதான். சோறாக இருந்தால் சாறு அதிகம் செலவாகும், ஆளுக்கு இரண்டு தடவை ஊற்ற வேண்டிவரும். களிக்கு ஒரு கரண்டி போதும், பசியும் நின்று அடங்கும். நான் நொய் போட்டுத்தான் கிளறுவேன். அரை டம்ளர் அரிசி நொய்யை ஐந்து டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, அதன்மேல் இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி செய்து, தீயைக் குறைத்து மூடி வைப்பேன். மாவின் மேல்பக்கம் நிறம் மாறிக் கருக்கும்வரை கிளறக் கூடாது. அவசரப்பட்டால் உள்ளே பச்சை மாவு கட்டியாக நின்றுவிடும். அப்புறம் இறக்கி, காலால் சட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு அழுத்திக் கிளறி, ஈரக்கையால் உருண்டை பிடிக்க வேண்டும்.

கேழ்வரகு இப்போது ரேஷனிலும் வருகிறது. 2023-இல் தர்மபுரிக்கும் நீலகிரிக்கும்தான் முதலில் கொண்டுவந்தார்கள். அரிசிக்குப் பதிலாக மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு. அதை வேண்டாம் என்று சொல்லி அரிசியாகவே வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. நம் மண்ணில் விளைந்த தானியம். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் அந்த அளவு எங்கே இருக்கிறது? முதியவர்களும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் அது சும்மா வரும்போது வாங்காமல் விடக் கூடாது. கல், தூசி இருக்கும். புடைத்து, கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டால் போதும்.

எடுத்து வைத்த போசிக்கு வருகிறேன். இங்கேதான் பலர் தவற விடுகிறார்கள். சூடு ஆறட்டும் என்று அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு, சாப்பிட்டு, கண் அயர்ந்து எழுந்து சாயந்திரம்தான் ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். சமைத்த கறி ரொம்பச் சூடாகவும் இல்லாமல் ரொம்பக் குளிர்ச்சியாகவும் இல்லாமல் வெதுவெதுப்பாகக் கிடக்கிற நேரம்தான் கிருமி பெருகுகிற நேரம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும், அதனால்தான் அகலமான போசி. அதைத் தண்ணீர் ஊற்றிய அன்னக்கூடையில் வைத்து, ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் சீக்கிரமே சூடு இறங்கிவிடும். உடனே மூடி, ஃப்ரிட்ஜின் உள்பக்கத் தட்டில் வைத்துவிடுவேன். கதவில் உள்ள தட்டில் வைப்பதில்லை. திறந்து மூடும்போதெல்லாம் அங்கேதான் சூடு ஏறும்.

மறுநாள் காலையில் திறந்தால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருக்கும். கரண்டியால் வழித்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பேன், அன்றைய தாளிப்புக்கு அதுதான். ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றாலும், இந்தக் கொழுப்பில் வெங்காயம் வதங்கும்போது வருகிற வாசனை எண்ணெயில் வராது. பாதி ருசி இங்கேயே வந்துவிடும்.

இனி திங்கட்கிழமைக் கொள்ளு. ஞாயிறு இரவே ஒரு டம்ளர் கொள்ளை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, கழுவி ஊறவைத்துவிடுவேன். வறுக்காமல் ஊறவைத்தால் ஒரு பச்சை வாடை நிற்கும், கறியோடு சேரும்போது அது துருத்திக்கொண்டு தெரியும். காலையில் அரிசி உலைக்கு முன்பே குக்கரில் ஆறேழு விசில் விட்டு எடுத்தால் நசுக்கினால் மாவாகும் பதத்துக்கு வெந்திருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, சீரகம், மிளகு, பூண்டு, இரண்டு வரமிளகாய், ஒரு கரண்டி மல்லி சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ள வேண்டும். முழுவதையும் அரைத்தால் கூழாகிவிடும், அரைக்காமல் விட்டால் சாறு தண்ணீராக ஓடும்.

கொழுப்பில் கடுகு, கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம் வதக்கி, அரைத்ததைப் போட்டுப் பச்சை வாடை போக வதக்கி, வெந்த கொள்ளையும் அது வெந்த தண்ணீரையும் ஊற்ற வேண்டும். அது கொதிக்கும்போது எடுத்து வைத்த கறியைத் தண்ணீரோடு சேர்க்க வேண்டும். துண்டு துண்டாகப் போடாமல் கையால் நார் நாராகப் பிய்த்துப் போடுவேன். அப்போதுதான் ஒவ்வொரு கவளத்திலும் கறி தட்டுப்படும், யாருக்கு எத்தனை துண்டு என்ற பேச்சும் எழாது. சேர்த்த பிறகு வெதுவெதுப்பாக இறக்கிவிடக் கூடாது. நன்றாகக் குமிழி விட்டு ஐந்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். கடைசியில் நெல்லிக்காய் அளவில் பாதி புளியைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி.

புளியும் தக்காளியும் கடைசியில்தான், கொள்ளோ மொச்சையோ துவரையோ எதுவாக இருந்தாலும். பயறு வேகும் முன் புளிப்பு சேர்ந்தால் தோல் இறுகிவிடும், எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றுதான் இருக்கும். இதே வேலையை எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரும் செய்யும். உப்புக் கனமான தண்ணீரில் பருப்பு வேகாது என்பது தர்மபுரி மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வரத் தொடங்கிய பிறகு, அந்தக் குழாய்த் தண்ணீரில் பயறை ஊறவைத்தால், வேகவைத்தால் கண்கூடாக வித்தியாசம் தெரிந்தது. எரிவாயு மிச்சம். அதைவிட முக்கியம், நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் அந்தத் திட்டமே வந்தது. குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர், சமைக்க ஆழ்குழாய்த் தண்ணீர் என்று பிரித்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். சாறு, சோறு, களி எல்லாவற்றுக்கும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.

கொள்ளையும் கறியையும் சேர்ப்பது காசுக்காக மட்டும் இல்லை. எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த கொள்ளில் உள்ள புரதம் பச்சைக் கறியில் உள்ளதற்குக் குறைந்ததல்ல, 100 கிராமில் 20 கிராமுக்கு மேல். விலையோ கறி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பயறில் இரும்புச்சத்தும் உண்டு, ஆனால் உடம்பு அதைச் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. கொஞ்சம் கறி சேர்ந்தால் அந்த இரும்பை நன்றாக இழுத்துக்கொள்ளும். எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் அப்படியே. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். பையனுக்கு ரத்தம் குறைவு என்று அரசு மருத்துவமனையில் சொன்னபோது அங்கிருந்த செவிலியர் இதைப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். அன்றிலிருந்து திங்கட்கிழமைக் கொள்ளுச்சாறு எங்கள் வீட்டில் தவறுவது அபூர்வம்.

ஏன் திங்கட்கிழமை என்றால், செவ்வாய் எங்கள் வீட்டில் கறி கிடையாது. வெள்ளியும் கிடையாது. திங்கள் இரவோடு சட்டி காலியாகி, பாத்திரம் கழுவி, ஃப்ரிட்ஜ் துடைத்துவிட வேண்டும் என்பது அத்தை வைத்த சட்டம். சாமிக்காக வைத்த சட்டம்தான், ஆனால் அதனால் ஒரு நன்மையும் உண்டு. சமைத்த கறியை ஃப்ரிட்ஜில் மூன்று நாள், அதிகம் போனால் நாலு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. செவ்வாய் பார்க்கிற வீட்டில் அந்த எல்லைக்குப் போக வேண்டிய தேவையே வராது. புரட்டாசி பிறக்கும் முன்பும் இதே போல எல்லாம் தீர்ந்தாக வேண்டும்.

தை மாதம் வந்தால் கொள்ளுக்கு விடுமுறை. என் தாய்வீடு போச்சம்பள்ளிப் பக்கம். அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பனிக்காலத்தில் பச்சை மொச்சையும் அவரைக்கொட்டையும் குவிந்து கிடக்கும். அம்மா வாங்கி அனுப்பிவிடுவார். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். அன்றைக்கு ஊரே கறி எடுக்கும், கூறு போட்டுப் பங்கு பிரிப்பார்கள், எங்கள் வீட்டுக்கும் ஒரு கூறு வரும். அந்தச் சமயத்தில் எடுத்து வைத்த கறிக்குப் பிதுக்கம்பருப்பைப் போல் ஜோடி வேறு இல்லை என்பேன். பச்சை மொச்சைக்கொட்டையை உரித்து இரவு முழுவதும் ஊறவைத்தால் தோல் உப்பி நிற்கும். இரண்டு விரலால் அழுத்தினால் பருப்பு பிதுங்கி வந்துவிடும். வேலை பிடிக்கும்தான். வாசலில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே பிதுக்கினால் தெரியாது. தோல் இல்லாததால் சீக்கிரம் வெந்துவிடும், குக்கர் வேண்டாம். கறி வெந்த தண்ணீரில் நேரடியாகப் போட்டு வேகவிட்டு, தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றினால் போதும். மசாலாத்தூளை அள்ளிப் போட்டு அந்தப் பருப்பின் இனிப்பைக் கெடுக்க வேண்டாம். பனிக்காலம் முடிந்தால் காய்ந்த மொச்சையை ஊறவைத்தும் பிதுக்கலாம், ஆனால் ஊற அரை நாள் பிடிக்கும், ருசியும் அடுத்த படிதான்.

எடுத்து வைத்த கறி ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்றால் முருங்கைக்கீரை. கொழுப்பில் வெங்காயம் வதக்கி, பிய்த்த கறியைச் சிவக்க வறுத்து, கீரையைப் போட்டு, தண்ணீர் தெளிக்காமல் புரட்டி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றினால் ஐந்து பேருக்குத் தொடுகறி ஆயிற்று. பையனின் பள்ளி டப்பாவுக்கு என்றால் சாமை. ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் கறித்தண்ணீர், தாளித்து, பிய்த்த கறியும் ஒரு கை ரேஷன் துவரம்பருப்பும் போட்டுக் குழைய விடாமல் இறக்க வேண்டும். காலையில் சூடு காக்கும் டப்பாவில் சுடச்சுடக் கட்டிக் கொடுத்தால் மதியம் சாப்பிடும்வரை தாங்கும். மாலைவரை டப்பாவில் கிடந்து திரும்பி வந்தால் யாரும் தொடக் கூடாது. இது சாமைக்கு மட்டுமல்ல, அரிசிச் சோற்றுக்கும் பிரியாணிக்கும் பொருந்தும். வெந்த தானியத்தில் வெளியே வைத்தால் முளைக்கிற ஒரு கிருமி விடுகிற நஞ்சு, மறுபடி சூடு செய்தாலும் அழியாது.

இதைச் சொல்லும்போது விசேஷ வீட்டுக் கறியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முனியப்பனுக்குக் கிடா வெட்டு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எங்கள் பக்கம் கறிச்சோறு போடாத மாதம் குறைவு. பந்தி முடிந்து கிளம்பும்போது சொந்தக்காரர்கள் ஒரு தூக்குப்போசி நிறையக் குழம்பு ஊற்றிக் கொடுப்பார்கள். அன்பால் கொடுப்பது, மறுக்க மனசு வராது. ஆனால் விடியற்காலை ஆக்கின அண்டாக் குழம்பு மதியம்வரை வெதுவெதுப்பாக நின்று, அப்புறம் தூக்குப்போசியில் மூடி, பேருந்தில் இரண்டு மணி நேரம் வந்து, இரவு வீடு சேர்கிறது. பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறுகிற கறிக்குழம்பைப் போலக் கிருமிக்கு வசதியான இடம் வேறு கிடையாது. வாசனை கெட்டிருக்காது, ருசி மாறியிருக்காது, ஆனாலும் வயிற்றைக் கெடுக்கும்.

நான் இப்போது கையாளும் வழி இது. பந்தி தொடங்கும் முன்பே, கொதிக்கிற அண்டாவிலிருந்து கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பக்கத்து ஊராக இருந்தால் வீட்டுக்காரர் கையோடு கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வருவார். தூரத்து ஊர் என்றால், "எங்க பங்கையும் இங்கயே சாப்பிட்டுட்டோம் சின்னம்மா, பக்கத்து வீட்டுக்குக் குடுங்க" என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன விதம் சரியாக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கொண்டுவந்த குழம்பில் எண்ணெய் மிதக்கும், காரம் தூக்கும். அதைத் துண்டும் குழம்புமாகப் பிரித்து, துண்டை மட்டும் அலசாமல் வடித்து எடுத்து, வெந்த கொண்டைக்கடலையோ உருளைக்கிழங்கோ போட்டுப் புரட்டிவிடலாம். மசாலா புதிதாக எதுவும் வேண்டாம், அதில் இருப்பதே போதும். குழம்பை வெந்த துவரம்பருப்பில் ஊற்றிக் கடைந்தால் களிக்கு நன்றாக இருக்கும். ஒருமுறை சூடு செய்ததை மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி சூடு செய்வதில்லை. வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிக்க விடுவதுதான் வழக்கம்.

அத்தைக்கும் எனக்கும் இதில் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் கறிச்சாற்றைச் சுண்டக் காய்ச்சி இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். "நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று கேட்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அவர் அதைச் செய்த விதமே வேறு. இரவு படுக்கும் முன் தண்ணீர் வற்ற, உப்பும் புளியும் தூக்கலாக, வாய் அகன்ற மண்சட்டியில் நன்றாகக் கொதிக்க வைப்பார். இறக்கியபின் கரண்டியை உள்ளே விடமாட்டார், கைபடாமல் மூடுவார், விடிந்ததும் மறுபடி கொதிக்க வைப்பார். எச்சில் கை பட்ட குழம்பைத் தனியாக எடுத்துவிடுவார். அந்த ஒழுங்கு அத்தனையும் இருந்தால் சுண்டக்குழம்பு ஒரு நாள் தாண்டும். இன்று நாம் செய்வது அதில்லை. தேங்காய் அரைத்து ஊற்றி, நீர்க்க வைத்து, நாலு தடவை கரண்டி விட்டு, அலுமினியப் பாத்திரத்தில் அப்படியே விடுகிறோம். தேங்காய் போட்ட சாற்றைச் சுண்ட வைத்துக் காப்பாற்ற முடியாது. புளிச் சாற்றை அலுமினியத்தில் வைக்கவும் கூடாது. இப்போது வீட்டில் மின்சாரம் நின்று ஃப்ரிட்ஜ் ஓடாத நாளில் அத்தை முறைக்குத்தான் போகிறேன், அவரையே அடுப்பில் நிற்கச் சொல்லி.

இத்தனைக்கும் அடுக்களையில் பொருள் இருந்தால்தான் முடியும். வேண்டியபோது வாங்கினால் கறியில் மிச்சம் பிடித்தது மளிகையில் போய்விடும். நான் வருஷத்தில் பொருள் மலிகிற நேரம் பார்த்துத்தான் வாங்குகிறேன். மாசி, பங்குனியில் புதுப்புளி. அஞ்செட்டி, உரிகம் மலைப்பக்கத்துப் புளி கிடைத்தால் அதுதான். கொட்டை எடுத்து, கல்லுப்பு தூவி உருட்டி, ஜாடியில் அமுக்கி வைத்தால் அடுத்த பங்குனிவரை வரும். சித்திரைக் காற்றில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் தோப்புகளில் உதிரும் மாங்காய் கொள்ளை மலிவு. கீறி, உப்பும் மஞ்சளும் பிசிறி, வெயிலில் வற்றலாக்கி வைத்தால் புளிக்குப் பதிலாகக் கறிச்சாற்றிலும் மொச்சைச் சாற்றிலும் போடலாம். வற்றலில் உப்பு இருக்கும், அதனால் சாற்றுக்கு உப்புப் போடுவதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

தக்காளிக்குப் பாலக்கோட்டில் கேட்கவே வேண்டாம். விலை சரிந்தால் பறிகூலிக்கும் கட்டாது என்று தோட்டத்திலேயே விட்டுவிடுவார்கள். அதைப் பார்க்கும்போது வயிறு எரியும். விளைவித்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் லோடு ஏற்றுகிறோம். அந்த நாட்களில் ஒரு கூடை வாங்கி, வட்டமாக அரிந்து, உப்புத் தூவி, பழைய வேட்டித்துணி மூடி மொட்டைமாடியில் உலர்த்துவேன். மடக்கினால் ஒடிகிற பதம் வரவேண்டும். தோல்போல வளைந்தால் பூஞ்சை பிடிக்கும். தக்காளி விலை ஏறிக் கிடக்கும் மாதத்தில் இந்த வற்றல் ஒரு கை போதும், ஒரு குழம்புக்குக் காணும்.

கொள்ளு, மொச்சை, துவரை மூன்றும் அறுவடைக்குப் பிறகு மொத்தமாக. வண்டு வராமல் இருக்க நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு, காற்றுப் புகாத டின்னில் வைக்கிறேன். ரேஷன் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ 30 ரூபாய்க்கு வருவதால் கடைப் பருப்பு நான் வாங்குவது அபூர்வம்.

மாதக்கணக்கில் கெடாமல் கறியை வைப்பது என்றால் உப்புக்கண்டம்தான். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு கொடியில் தொங்கும், இப்போது அருகிவிட்டது. மாசிக்கும் சித்திரைக்கும் நடுவில், ஈரக்காற்று இல்லாத எங்கள் ஊர் வெயிலுக்கு அது நன்றாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் முயற்சிக்க வேண்டாம். கொழுப்பில்லாத சதையை விரல் கனத்துக்கும் குறைவாக நீளநீளமாக அரிந்து, கல்லுப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், பூண்டு அரைத்துப் பிசிறி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நூலில் கோத்து வெயிலில் கட்ட வேண்டும். கொழுப்பை விட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஈ மொய்க்காமல் மெல்லிய துணி மூட வேண்டும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி படக் கூடாது. கட்டைபோல இறுகும்வரை காய வேண்டும். கிலோ கறி காய்ந்தால் மூன்றில் ஒரு பங்குதான் நிற்கும். விசேஷத்துக்குக் கூறு வந்து பச்சைக் கறி அதிகமாகக் கையில் இருந்தால் மட்டுமே இதைச் செய்வேன், காசு கொடுத்து வாங்கிச் செய்வதில்லை.

மகள் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தோழிகளோடு அறை எடுத்திருக்கிறாள், ஒரு கரண்ட் அடுப்பு, சின்னக் குக்கர், ஃப்ரிட்ஜ் கிடையாது. "கறி எடுத்தா மிஞ்சிடுதும்மா, கொட்டவும் மனசு வரல" என்று போனில் சொன்னாள். ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் மீதம் என்ற பேச்சே வேண்டாம், மூன்று பேருக்குக் கால் கிலோ மட்டும் வாங்கி, ஊறவைத்த மொச்சையையும் கறியையும் ஒரே குக்கரில் வேகவைத்து அந்த வேளையே முடித்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். வரும்போதெல்லாம் வறுத்த கொள்ளு, மாங்காய் வற்றல், தக்காளி வற்றல், கேழ்வரகு மாவு, உப்புக்கண்டம் ஒரு டப்பா கட்டிக் கொடுக்கிறேன். அவளுக்கு எழுதிக் கொடுத்த முறை: ஒரு ஆளுக்கு நாலு துண்டு உப்புக்கண்டம். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு, உப்பு அதில் இறங்கியிருக்கும். அம்மியோ கல்லோ இல்லையென்றால் சப்பாத்திக் கட்டையால் தட்டி நாராக்கு. கொஞ்சம் எண்ணெயில் வெங்காயத்தோடு வறுத்து, பாதியைக் களிக்குத் தொட்டுக்கொள். மீதியை வெந்த கொள்ளில் போட்டு ஒரு கொதி விடு. உப்புப் பார்க்காமல் உப்புப் போடாதே.